மண்சுவரும் மதிப்பும்

மண்வீடு வறுமையின் அடையாளம், கான்கிரீட் வீடே நாகரிகத்தின் அடையாளம் என்றதோர் அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலும் மண்சுவர் நிலையற்ற பொருள்களின் வரிசையிலேயே வைக்கப்பட்டது. இத்தகைய தீர்ப்புகளில் வீட்டின் ஆயுள் ஒன்றே கவனிக்கப்படுகிறது; கோடையில் அதனுள் வாழ்கிறவன் படும் பாடு விசாரிக்கப்படுவதில்லை.

இவ்விஷயத்தில் எகிப்து தேசத்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபாத்தி 1940-களில் லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேல்கரையில், வெயிலில் உலர்த்திய பச்சைக்கல்லைக் கொண்டு புதுக் குர்ணா என்னும் கிராமத்தை எழுப்பினார். மரச் சாரமின்றி வளைகூரை கட்டும் நூபியக் கொத்தர்களின் பழைய வித்தையே அவருக்குத் துணையாயிற்று. பின்னர் 1964 மார்ச்சு மாதத்தில் கெய்ரோவில் இருவகை அறைகளைக் கட்டிச் சோதித்தார்கள். அரை மீட்டர் கனமுள்ள மண்சுவர் அறையில் இரவும் பகலும் உஷ்ணம் 21 டிகிரிக்கும் 23 டிகிரிக்கும் இடையிலேயே நின்றது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் அறையிலோ 36 டிகிரி வரை ஏறிற்று; அது வெளிக்காற்றினும் 9 டிகிரி அதிகம்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கனத்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல மெல்ல வாங்குகிறது. அவ்வெப்பம் உட்புறம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. பிறகு இரவின் குளிர்ந்த காற்று அதனைப் போக்கிவிடுகிறது.

நிற்க. மண்ணே எவ்விடத்துக்கும் ஏற்றதென்று நாம் வாதிக்கவில்லை. இரவிலும் புழுக்கம் தணியாத கடற்கரைப் பிரதேசங்களில் கனத்த சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை எளிதில் விடாது. அங்கே நிழலும் காற்றோட்டமுமே பிரதானம். மழையிலிருந்து மண்சுவரைக் காக்க நீண்ட கூரையும் உயர்ந்த கல் அடித்தளமும் வேண்டும். 2003-இல் ஈரானின் பாம் நகரத்துப் பூகம்பத்தில் மண்வீடுகள் இடிந்து பல்லாயிரவர் மாண்டதையும் மறத்தலாகாது. புதுக் குர்ணாவுக்கும், குடியேற வேண்டியவர்களில் பெரும்பாலோர் போக மறுத்துவிட்டார்கள். ஜனங்களின் சம்மதமின்றிச் செய்யும் நன்மையும் நிலைபெறாதென்பதே அதன் படிப்பினை.

ஆதலின் நாம் கேட்பது ஒன்றே. ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் சர்க்கார், ஊருக்கு ஊர் வெப்பத்தையும் காற்றையும் அளந்து, குடியிருக்கப்போகிறவர்களின் விருப்பத்தையும் அறிந்து, அதன்பின் சுவரைத் தீர்மானிக்கட்டும். குளிர்சாதனத்துக்குப் பொருளில்லாதவனை மெல்லிய கான்கிரீட் கூரையின்கீழ் வாடவிட்டு, அதனை முன்னேற்றமென்று கணக்கெழுதுவது நியாயமாகாது.