பண்ணைக்குச் செல்லும் நாய்க்கு மருந்து ஏன்?

நியூசிலாந்தில், சில ஆட்டுப் பண்ணைகளின் குடில்களில் வளர்ப்பு நாயுடன் தங்கலாம். ஆனால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள பரிந்துரை.

காரணம், ‘டீனியா ஓவிஸ்’ எனும் நாடாப்புழு. இது குடலில் இருந்தாலும் நாய் நலமாகவே தெரியும். மலத்தில் வெளியேறும் நுண்ணிய முட்டைகளை ஈக்கள் புல்வெளியெங்கும் பரப்பும். அவற்றைப் புல்லோடு விழுங்கும் ஆட்டின் இதயத்திலும் தசைகளிலும் சிறு கட்டிகள் உருவாகும். இப்புழு மனிதரைத் தாக்காது. ஆயினும் கட்டியுள்ள இறைச்சி விலைபோகாததால் பண்ணையாளருக்கு நட்டம்.

மருந்து புழுவைக் கொன்றாலும், குடலில் எஞ்சிய முட்டைகள் வெளியேற நேரம் பிடிக்கும். அதற்காகவே அந்த 48 மணி நேரம்.

கட்டியுள்ள இறைச்சியைப் பச்சையாகத் தின்னும் நாய்க்குப் புழு மீண்டும் தொற்றும். நன்கு வேகவைத்துக் கொடுத்தால் அந்தச் சுழற்சி அறுபடும்.