சிபில் ஸ்கோர் குறைவா? வாடகை வீடு கேட்கப் போகும் முன் இதைப் படியுங்க

வீடு பிடிச்சாச்சு, வாடகையும் பேசியாச்சு. கடைசி நேரத்தில் "உங்க சிபில் ஸ்கோர் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. வாடகைச் செயலிகள் சிலவும், உரிமையாளர்கள் சிலரும் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். எப்போதோ கட்டாமல் விட்ட இரண்டு இ.எம்.ஐ. இங்கே வந்து நிற்கிறது.

வாடகைக்கு வருபவருக்கு இத்தனை ஸ்கோர் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் கடன் அறிக்கையை வீட்டு ஓனர் தானாக எடுத்துப் பார்க்கவும் முடியாது. நீங்கள் கொடுத்தால்தான் உண்டு. ஆனாலும் வீட்டை யாருக்குத் தருவது என்பது அவர் முடிவு. அதனால் சட்டம் பேசி ஜெயிப்பதை விட, தயாராகப் போவதுதான் புத்திசாலித்தனம்.

வீடு தேடத் தொடங்கும் முன்பே உங்கள் அறிக்கையை நீங்களே பாருங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டுகிறதா? நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா? இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம், கட்டணம் இல்லை. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியோ அந்த நிறுவனமோ சரியாகப் பதில் தராவிட்டால் எங்கே முறையிடுவது என்று ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்கலாம்.

தவறு உங்களுடையதுதான் என்றால் ஸ்கோர் ஏற மாதக்கணக்கில் ஆகும். "ஒரே வாரத்தில் ஏற்றித் தர்றோம், ஐயாயிரம் கட்டுங்க" என்று சொல்பவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள்.

ஓனருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, மாதம் பிறந்தால் வாடகை வருமா என்பதுதான். அதற்கு ஸ்கோரை விட நல்ல சாட்சி, பழைய வீட்டுக்கு மாதாமாதம் யு.பி.ஐ.யில் வாடகை அனுப்பிய பதிவு. கடைசி 12 மாதத்துக்கு அதை எடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டு, பழைய ஓனரின் போன் நம்பர் (அவரிடம் கேட்டுக்கொண்டு) இருந்தால் இன்னும் நல்லது. பழைய பாக்கி பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்கோரைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் எண் இருக்கும் பக்கத்தை மட்டும் காட்டுங்கள், முழு பி.டி.எஃப்.பில் உங்கள் பான் எண், முகவரி, கடன் விவரம் எல்லாம் இருக்கிறது.

"ஸ்கோர் கம்மி, அட்வான்ஸ் கூடப் போடுங்க" என்பார்கள். வேறு விதமாக ஒப்பந்தம் செய்யாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதிகம் தர ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும், பார்த்துப் பேசுங்கள். எவ்வளவானாலும் வங்கி வழியாக அனுப்பி, தொகையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் இணையம் வழியே பதிந்து, பதிவு எண்ணைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, முன்பணம் திரும்ப வர வேண்டும்; வராவிட்டால் அந்தப் பதிவு எண்தான் கைகொடுக்கும்.