பழைய வீட்டுக்கு வீட்டோடயே போறது: ஆர்.வி.யில் அரிசோனா

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினது அப்படியே இல்லை, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கேன்.)

போன எபிசோடுல "ஆர்.வி. எடுத்துட்டு அரிசோனா போனேன்"னு ஒரு வரி சொல்லிட்டுக் கடந்துட்டேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகள் ரெண்டு வகை. ஒண்ணு, ஆர்.வி. எப்படி வேலை செய்யுது. இன்னொண்ணு, நீங்க ஏற்கனவே இருந்த ஊர்தானே, அங்க போய்ப் பார்க்க என்ன இருக்கு. இன்னிக்கு ரெண்டுக்கும் சேர்த்தே பதில்.

ரெண்டு வருஷம் இருந்தேன், எதையும் பார்க்கலை

2018-ல இருந்து 2020 வரைக்கும் டெம்பியில மாஸ்டர்ஸ் படிச்சேன். கார் கிடையாது. எனக்குத் தெரிஞ்ச அரிசோனா, அப்பாச்சி பூலவார்டுல ஓடுற லைட் ரெயில், லேப், நாலு பேர் இருந்த ரெண்டு பெட்ரூம் வீடு, அவ்வளவுதான். 2020 மே மாசம் பட்டமளிப்பு விழா. அப்பா அம்மாவுக்கு விசா கிடைச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. கோவிட் வந்தது, விழா ஆன்லைனுக்குப் போயிடுச்சு. கவுன்கூட வாங்கலை. ஈரோட்டுல அவங்க தூங்காம உட்கார்ந்து போன்ல பார்த்தாங்க. அப்புறம் எனக்குக் கலிபோர்னியாவில வேலை, இர்வைன் பக்கம் குடிவந்துட்டேன்.

அதனால அரிசோனா எனக்கு ஒரு பாதியில விட்ட வேலை மாதிரி மனசுல கிடந்தது. அதை முடிக்கத்தான் ரெண்டு டிரிப். முதல் டிரிப்ல பண்ணாத தப்பு இல்லை.

முதல் டிரிப்: தப்பான மாசம்

2023 ஜூலை, நண்பர்கள் மூணு பேரோட. அந்த வருஷம் ஜூன் 30-ல இருந்து ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள் ஃபீனிக்ஸ்ல 110 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதுக்கு மேலயோ இருந்தது. நம்ம கணக்குல 43 டிகிரி செல்சியஸ். அந்த 31 நாளுக்குள்ளதான் நாங்க போய் மாட்டினோம்.

ஆர்.வி.ங்கிறது மெல்லிசான சுவர் வெச்ச ஒரு பெட்டி. அதோட கூரை ஏ.சி., வெளிய இருக்கிற சூட்டைவிட ஓரளவுக்குத்தான் உள்ள குறைச்சுக் காட்டும். மதியம் 2 மணிக்கு ஏ.சி. ஓடிக்கிட்டே இருக்கு, உள்ள வேர்த்துக் கொட்டுது. ஃப்ரிட்ஜும் கைவிட்டுடுச்சு. பழைய மாடல் ஆர்.வி. ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரெஸர் இருக்காது. அம்மோனியாவைச் சூடாக்கி, அது சுத்தி வர்றதால குளிர்ச்சி வரும். வண்டி சாய்ஞ்சு நின்னாலும், வெளிய ரொம்பச் சூடா இருந்தாலும் அது சொதப்பும். மாவு பொங்கி வழிஞ்சுடுச்சு. ரெண்டாம் நாளே திரும்பிட்டோம்.

அன்னிக்குப் புரிஞ்சது இதுதான்: அரிசோனாவை ஒரே ஊரா நினைக்கக் கூடாது. ஃபீனிக்ஸ் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,100 அடி. வடக்க ரெண்டரை மணி நேரத்துல இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 6,900 அடி, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். கோடையில மேல போகணும், குளிர்காலத்துல கீழ இருக்கணும். ஆர்.வி.யில வர்ற ரிட்டயர் ஆனவங்க இதைத்தான் பல வருஷமா பண்றாங்க.

கரண்ட், தண்ணி: ரெண்டுக்கும் பட்ஜெட்

நாங்க எடுத்தது கிளாஸ் சி வண்டி. வேன் மாதிரி முன்பக்கம், டிரைவர் சீட்டுக்கு மேலயும் ஒரு படுக்கை, 25 அடி நீளம். சாதாரண லைசென்ஸ் போதும். ஆனா மைலேஜ் கேட்காதீங்க, ஒரு கேலனுக்கு 8-ல இருந்து 10 மைல்.

கேம்ப்கிரவுண்டுல "30 ஆம்ப் ஹூக்கப்"னு சொன்னா, 120 வோல்ட்ல 30 ஆம்பியர், அதாவது 3,600 வாட். ஏ.சி.க்கு ஏறக்குறைய 1,500, மைக்ரோவேவுக்கு 1,000-க்கு மேல. கூடவே இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டா பிரேக்கர் விழுந்துடும். வீட்டுல எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டுப் பழகிட்டோம். இங்க வரிசை வெக்கணும்: ஏ.சி.யை நிறுத்து, சட்னி அரை, மறுபடி ஏ.சி. போடு.

தண்ணிக்கு மூணு டேங்க். நல்ல தண்ணி ஒண்ணு, பாத்திரம் கழுவின, குளிச்ச தண்ணிக்கு ஒண்ணு, டாய்லெட்டுக்கு ஒண்ணு. நல்ல தண்ணி 40 கேலன்னு வெச்சுக்கோங்க, 150 லிட்டர்தான். பலரும் டாய்லெட் டேங்கைப் பத்திப் பயப்படுவாங்க. நம்ம சமையலுக்கு முதல்ல நிரம்புறது பாத்திரம் கழுவின தண்ணிதான். காலி பண்ணும்போது எப்பவும் டாய்லெட் டேங்க் முதல்ல, கழுவின தண்ணி அடுத்து. அப்பத்தான் ரெண்டாவது தண்ணி அந்த ஹோஸையும் அலசிட்டுப் போகும். மாத்திப் பண்ணினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாவது டிரிப்: அப்பா அம்மாவோட

2024 நவம்பர். அப்பாவுக்கு 63, இன்சுலின் போடுறார். அதனாலயே ஆர்.வி. வசதின்னு நினைச்சேன். மருந்துக்கு ஃப்ரிட்ஜ், நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்துலயே பாத்ரூம். பார்ஸ்டோ வழியா ஐ-40 பிடிச்சு, கிங்மேன், வில்லியம்ஸ் தாண்டி கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குப் போனோம்.

மேதர் கேம்ப்கிரவுண்டுல இடம் கிடைச்சது. மரங்களுக்கு நடுவுல அருமையான இடம். 30 அடிக்கு உட்பட்ட வண்டிதான் போகலாம், கரண்ட் ஹூக்கப் கிடையாது. உயரம் சுமார் 7,000 அடி. ராத்திரி தண்ணி உறையும்னு தெரிஞ்சு, குழாய்ல தண்ணி நிக்காம வடிச்சுட்டேன். குடிக்க கேன் தண்ணி, பாத்ரூமுக்கு கேம்ப்கிரவுண்டு டாய்லெட். ஹீட்டர் புரோபேன்ல ஓடுது, டேங்க் ஃபுல். எல்லாம் சரின்னு படுத்துட்டேன்.

விடியக்காலை 4 மணிக்கு அம்மா எழுப்பினாங்க. "கண்ணு, அப்பாவுக்கு நடுங்குது." ஹீட்டர் நின்னு போயிருந்தது. கேஸ் இருக்கு, ஆனா அந்தச் சூட்டை உள்ள தள்ளுற ஃபேன் 12 வோல்ட் பேட்டரியில ஓடுது. ராத்திரி முழுக்க ஓடி பேட்டரியைக் குடிச்சுடுச்சு. எலக்ட்ரிகல்ல டிகிரி வாங்கின எனக்கு இது முந்தின நாள் சாயங்காலமே தோணியிருக்கணும். ஃபேன் எத்தனை ஆம்பியர், பேட்டரி எத்தனை ஆம்பியர்-அவர், ஒரு வகுத்தல் கணக்கு. போடலை.

குளிர்ல நடுங்குறதா, சுகர் இறங்கினதாலயான்னு தெரியாத அந்த ரெண்டு நிமிஷம்தான் இந்த ரெண்டு டிரிப்லயும் எனக்கு ரொம்பப் பயமா இருந்த நேரம். முதல்ல சுகர் பார்த்தோம், நார்மல். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, முன்பக்க ஹீட்டரைப் போட்டு அப்பாவை முன் சீட்டுல உட்கார வெச்சேன். அந்த நேரத்துல பக்கத்துல தூங்குறவங்களுக்குத் தொந்தரவுதான், வேற வழியில்லை. அப்பா போர்வைக்குள்ள இருந்து சொன்னாரு: "இத்தனை படிச்சு வண்டிய கிளப்பித்தான் குளிர் காயணுமா சாமி?"

வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா, குளிர் மாசத்துல கரண்ட் ஹூக்கப் இல்லாத இடம் வேண்டாம். அதே தெற்கு விளிம்புல டிரெய்லர் வில்லேஜ்னு ஹூக்கப் உள்ள இடமும் இருக்கு. இன்னொண்ணு, ஜெனரேட்டரை நம்பியும் இருக்காதீங்க. ராத்திரி போட விடமாட்டாங்க. பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழ போனா அதுவே நின்னுடும்.

காலையில விளிம்புல போய் நின்னோம். ஒரு மைல் ஆழம். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "இதுக்குப் பக்கத்துலயா ரெண்டு வருஷம் இருந்த? ஒரு போட்டோகூட அனுப்பலியே?"ன்னாங்க. டெம்பியில இருந்து நாலு மணி நேர டிரைவ். கார் இல்லாதவனுக்கு அது நிலா மாதிரி.

கீழ இறங்கி, டெம்பி

ஃப்ளாக்ஸ்டாஃப்ல இருந்து ஐ-17 இறக்கம். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கக் கூடாது, பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிடும். லோ கியர்ல போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கிற மாதிரி வரணும். பைன் மரம் குறைஞ்சு, புல்வெளி வந்து, அப்புறம் கை தூக்கி நிக்கிற சகுவாரோ கள்ளிச்செடி ஆரம்பிக்கும். சில மணி நேரத்துல ஸ்வெட்டரைக் கழட்டிட்டோம்.

25 அடி வண்டியை என் பழைய அபார்ட்மென்ட் தெருவுக்குள்ள கொண்டுபோக முடியாது. அதனால மெசாவில ஒரு ஆர்.வி. பார்க்ல நிறுத்திட்டு, லைட் ரெயில்ல போனோம். நான் தினமும் போன அதே ரயில்.

அந்த வீட்டு மாடிப்படி கிட்ட நின்னு அப்பா மேல பார்த்தாரு. இப்ப வேற யாரோ பசங்க இருக்காங்க, வாசல்ல நாலு ஜோடி செருப்பு. "இங்கயா இருந்த?" "ஆமாப்பா." அப்புறம் கேம்பஸ். பாம் வாக்ல அம்மா போட்டோ எடுத்தாங்க. அப்பா மட்டும், "பட்டம் குடுக்கற எடம் எங்க?"ன்னு கேட்டாரு. அரங்கம் பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு உள்ள எட்டிப் பார்த்தாரு. படிப்புக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சவர் அவர். 2022-ல மீட்டுட்டோம்.

"பத்திரத்தை எதுக்கு வெச்சேன்னு இப்பத்தான் கண்ணால பாக்கறேன்"னாரு. அவ்வளவுதான். கதவுக்கு முன்னாடி மூணு பேரும் ஒரு செல்ஃபி எடுத்தோம். கவுன் இல்லை, பரவாயில்லை.

திரும்புற வழி

ஐ-10-ல குவார்ட்ஸைட்னு ஒரு சின்ன ஊர். அதைச் சுத்தியுள்ள பாலைவனம் மத்திய அரசு நிலம். செப்டம்பர் 15-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பெர்மிட் வாங்கித் தங்கலாம். ஊரைச் சுத்தி வெறும் ஆர்.வி.யா நிக்கும். அங்க ஒரு கல்லறை மேல ஒட்டகச் சிலை இருக்கும். 1850-கள்ல அமெரிக்க ராணுவம் ஒட்டகம் ஓட்டிப் பார்த்த சோதனைக்காக வந்த ஹாஜி அலியோடது. உச்சரிக்க வராம அவரை ஹை ஜாலின்னு கூப்பிட்டாங்க. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

கடைசி டிப். கலிபோர்னியா எல்லையில, பிளைத் கிட்ட, செடி, பழம் இருக்கான்னு கேட்பாங்க. சாண்ட்லர்ல நண்பர் வீட்டுச் செடியில இருந்து அம்மா ஒரு கட்டுக் கறிவேப்பிலை ஒடிச்சு வெச்சிருந்தாங்க. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்புற ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலயும் வாழும், அதனால கட்டுப்பாடு. மறைக்காமச் சொன்னோம், வாங்கிக்கிட்டாங்க. அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறலை.

நீங்க படிச்ச ஊருக்கு அப்பா அம்மாவை இன்னும் கூட்டிட்டுப் போகலைன்னா, ஆர்.வி.தான் வேணும்னு இல்லை, பஸ்ஸே போதும். கூட்டிட்டுப் போங்க. பேட்டரியை மட்டும் முதல் நாளே செக் பண்ணிடுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.