விடுதி ஜன்னலிலிருந்தே தெரியும் துருவ ஒளி: நார்வேயின் டிரோம்சோவில் சாத்தியமாவது எப்படி?

இரவு வானில் பச்சை நிறத் திரைச்சீலை போல அசைந்தாடும் துருவ ஒளியைக் காண, உலகின் பல பகுதிகளிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் பெரும் பொருட்செலவில் ஆர்க்டிக் பகுதிக்குச் செல்கின்றனர். ஆனால், நார்வேயின் டிரோம்சோ நகரில் பயிலும் மாணவர்களால், வானம் தெளிவாக உள்ள குளிர்கால இரவுகளில், தங்கள் விடுதியிலிருந்தே அதனைக் காண முடிகிறது. ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே சுமார் 350 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது இந்நகரம்.

ஒளி தோன்றுவது எப்படி?

சூரியனிலிருந்து வெளிப்படும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம் 'சூரியக் காற்று' எனப்படுகிறது. இது பூமியின் காந்தப்புலத்தைத் தாக்கும்போது, ஆற்றல் பெற்ற எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளின் வளிமண்டலத்திற்குள் பாய்கின்றன. அவை மோதுவதால் ஆக்சிஜன் அணுக்கள் சுமார் 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் பச்சை ஒளியையும், 200 கி.மீ.க்கு மேல் சிவப்பு ஒளியையும் உமிழ்கின்றன. நீலமும் ஊதாவும் நைட்ரஜனால் உண்டாகின்றன.

சூரியப் புயல் அவசியமா?

வலுவான சூரியப் புயல் வீசினால் மட்டுமே துருவ ஒளி தோன்றும் என்ற கருத்து டிரோம்சோவுக்குப் பொருந்தாது. காந்தத் துருவத்தைச் சுற்றி இவ்வொளி வழக்கமாகத் தோன்றும் வளையப் பகுதியின் கீழேயே இந்நகரம் உள்ளதால், சூரியச் செயல்பாடு குறைவாக உள்ள நாட்களிலும் அது தென்படுகிறது.

தெற்கே செல்லச் செல்ல நிலைமை மாறுகிறது. 2024 மே 10, 11 தேதிகளில் கடும் புவிகாந்தப் புயல் ஏற்பட்டபோதுதான் லடாக்கின் ஹான்லே பகுதியில் வானம் சிவந்து காணப்பட்டது. வெகு தொலைவிலிருந்து பார்க்கும்போது, ஒளியின் மிக உயரமான சிவப்புப் பகுதி மட்டுமே தொடுவானத்திற்கு மேலே தெரியும் என்பதே இதற்குக் காரணம்.

இருளும் மேகமும்

டிரோம்சோவில் மே மாத இறுதி முதல் ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதில்லை. அந்நாட்களில் துருவ ஒளி உண்டானாலும் கண்ணுக்குப் புலப்படாது. நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. எனவே, செப்டம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான காலமே இதனைக் காண உகந்தது.

கடலோர நகரம் என்பதால் அடிக்கடி சூழும் மேகங்களே பெரும் தடை. துருவ ஒளி மேகங்களைவிட மிக உயரத்தில் தோன்றுவதால், அடர்ந்த மேகமூட்டம் அதனை முற்றிலும் மறைத்துவிடும்.

தெளிவான இரவில் அறை விளக்குகளை அணைத்து, கண்கள் இருளுக்குப் பழக சுமார் 20 நிமிடங்கள் காத்திருப்பது அவசியம். மங்கலான துருவ ஒளி வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிற மேகம் போலவே தோன்றும். கைப்பேசி கேமரா கூடுதல் நேரம் ஒளியை உள்வாங்குவதால், அதே காட்சி படத்தில் பச்சையாகப் பதிவாகும். முதன்முறை காண்போர் இதனை மேகம் என்று கருதி ஜன்னலை மூடிவிட வாய்ப்புண்டு. எனவே, ஐயம் எழும்போது ஒரு படம் எடுத்துப் பார்ப்பதே எளிய சோதனை.