குடலின் நீர்க் கணக்கு

உண்ட உணவு சீரணமாவது எவ்வாறு என்று கேட்டால், பள்ளிக்குச் சென்றவர் எவரும் வாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று வரிசையாகச் சொல்லிவிடுவர். ஆனால் குடல் ஒரு நாளில் கையாளும் பண்டங்களுள் மிகப் பெரும்பங்கு சோறன்று, காய்கறியன்று, தண்ணீரே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கோடைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருந்து, வந்த நீரைக் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைத்து, அதையே பல நாள் புழங்குவது நாகல் நகர்க் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. அவ்வாறு தேங்கிய நீரிலோ, அதனை மொண்ட கையிலோ அசுத்தம் சேர்ந்து வீட்டுக் குழந்தைக்குப் பேதி கண்டால், அப்பொழுது குலைந்து போவது குடலின் நீர்க் கணக்கேயாகும். பேதியால் இறக்கும் குழந்தைகளில் மிகப் பலர் உடலில் நீரும் உப்பும் வற்றியே இறக்கின்றனர். ஆகவே அந்தக் கணக்கைச் சற்று விரிவாகக் காண்போம்.

வயது வந்த ஒருவர் குடிக்கும் நீரும், அவர் உண்ணும் ஆகாரத்தில் அடங்கிய நீரும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர். இது வெளியிலிருந்து வரும் வரவு. உடல் தானே குடலுக்குள் ஊற்றும் நீர் இதனினும் மிகுதி. உமிழ்நீர் ஏறத்தாழ 1½ லிட்டர். இரைப்பை சுரக்கும் அமில நீர் 2 லிட்டர். கல்லீரலிலிருந்து இறங்கும் பித்த நீர் ½ லிட்டர். கணைய நீர் 1½ லிட்டர். சிறுகுடலின் சுவர் கசியவிடுவது மேலும் 1½ லிட்டர். ஆக 7 லிட்டர். வெளி வரவையும் கூட்டினால் 9 லிட்டர். ஆளுக்கு ஆள் இது சற்றுக் கூடும், குறையும்.

இத்தனை நீர் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. உமிழ்நீர் மாப்பொருளைக் கரைக்கத் தொடங்குகிறது. இரைப்பையின் அமிலம் ஆகாரத்தோடு வந்த கிருமிகளில் பலவற்றைக் கொன்று, பருப்பிலும் மாமிசத்திலும் உள்ள புரதத்தைப் பதப்படுத்துகிறது. எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரம் பிரிப்பது போலப் பித்த நீர் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்கிறது. கணைய நீரோ அமிலத்தின் காரத்தைத் தணித்து, மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கும் நொதிகளைக் கொண்டு வருகிறது. இவை யாவும் நீரில் கரைந்தே வேலை செய்ய வேண்டியவை.

செலவான இந்த நீர் திரும்பாவிட்டால் என்னவாகும்? நம் உதிரத்தில் அணுக்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சும் நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர்தான். அதைப் போல் இரு மடங்குக்கு மேலான நீர் நாள்தோறும் குடலுக்குள் இறங்குகிறது. எனவே குடல் அதனைத் திரும்ப எடுத்தே தீர வேண்டும். சிறுகுடல் ஏறத்தாழ 7½ லிட்டரை மீட்டுவிடுகிறது. பெருங்குடலுக்குச் செல்லும் 1½ லிட்டரிலும் பெரும்பகுதி அங்கே மீட்கப்படுகிறது. இறுதியில் மலத்தோடு வெளியேறும் நீர் 100 முதல் 200 மில்லி லிட்டர் வரைதான். 9 லிட்டரில் ஒரு சிறு குவளை அளவே சேதாரம்! எந்தச் சங்கத்தின் கணக்கப்பிள்ளையும் இவ்வளவு சிக்கனமாகச் சரக்கைக் காத்ததில்லை.

நீரை இவ்வாறு உறிஞ்சும் சிறுகுடலின் உட்புறம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை நெசவாளருக்கு எளிதில் விளக்கலாம். டர்க்கி டவல் எனப்படும் பூந்துவாலையை நெய்யும்போது பாவில் ஒரு பகுதியைத் தளரவிட்டு, துணியின் மேல் கண்ணிகளாக எழும்பச் செய்கிறோம். அந்தக் கண்ணிகளால் பரப்பு பெருகுவதாலேயே அது சாதாரணத் துண்டைவிட மிகுதியாக ஈரம் வாங்குகிறது. சுமார் 20 அடி நீளமுள்ள சிறுகுடலின் உட்புறமும் இத்தகைய நெசவே. ஒரு மில்லிமீட்டரும் எட்டாத உயரத்தில் விரல் போன்ற நீட்சிகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பர். இவற்றின் மேலும் கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய மயிரிழைகள் உண்டு. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் வரும் என இன்றைய ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். நம் தறியில் அறுத்த சேலைகள் நான்கைந்தை விரிக்க வேண்டிய இடம் அது.

இந்த நெசவில் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். ஒன்று, எழும்பி நிற்கும் கண்ணிகள் நீரை உறிஞ்சுபவை. அவற்றின் அடியிலுள்ள சிறு குழிகள் நீரைச் சுரப்பவை. மற்றொன்று, இந்த உட்போர்வையின் அணுக்கள் 3 முதல் 5 நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகின்றன. இவ்வளவு விரைவாகத் தன்னைப் புதுப்பிக்கும் திசுக்கள் உடலில் மிகச் சிலவே. புதுப்பிக்க ஆகாரம் வேண்டும்.

குழிகள் கட்டுக்கடங்காமல் சுரக்கத் தொடங்குவதே வாந்திபேதி எனப்படும் காலராவின் இயல்பு. அந்நோய்க்குரிய கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காஹ் 1883, 1884-ஆம் ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிறுவினார். கிருமி எவ்வாறு கொல்கிறது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்காதிருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சம்புநாத் டே, அக்கிருமி குடலுக்குள் ஒரு நஞ்சைக் கக்குகிறது என்று 1959-இல் மெய்ப்பித்தார். அந்த நஞ்சு குடலைத் துளைப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. அடியிலுள்ள குழிகளின் மடையைத் திறந்துவிட்டு, மூட விடாமல் செய்கிறது, அவ்வளவே. நோய் உச்சத்தில் இருக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக் கூடும். குடித்த தண்ணீரும் நில்லாமல் போய்விடும். ஆகவே ஊசி வழியாக நரம்பில் உப்புநீர் ஏற்றுவதொன்றே வழியென வைத்தியர்கள் கருதினர்.

அடுத்த ஆண்டே ஒரு புதிய உண்மை வெளியாயிற்று. குடலுறிஞ்சிகளில் ஒரு தனி வாயில் உண்டு. சர்க்கரையின் எளிய வடிவமான குளுகோஸும், உப்பிலுள்ள சோடியமும் ஒன்றையொன்று கைபிடித்தே அவ்வாயிலில் நுழைகின்றன; பின்னால் நீர் தானே தொடர்கிறது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க அறிஞர் 1960-இல் பிராக் நகரத்து மாநாட்டில் இக்கருத்தை வெளியிட்டார். காலரா நஞ்சு எல்லா மடைகளையும் குலைத்தாலும் இந்த வாயிலைத் தொடுவதில்லை என்பதே இதில் அரிய செய்தி. வெறும் நீரைக் கொடுத்தால் பயன் குறைவு. உப்பு நீரை மட்டும் கொடுத்தாலும் அப்படியே. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கூடிய நீர் உள்ளே சென்றுவிடும். 1968-இல் டாக்கா நகரில் நோயாளிகளிடமே இது செய்து பார்க்கப்பட்டது.

இதன் முழு மதிப்பும் தெரிந்தது 1971-இல். வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் கல்கத்தாவுக்கு வடகிழக்கே போன்காவ் என்ற ஊரில் குவிந்தனர், காலரா பரவிற்று. ஏற்றுவதற்கு உப்புநீர்ப் புட்டிகள் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனபிஸ் என்பவர், கல்கத்தாவில் உப்பும் குளுகோஸும் சோடா உப்பும் நிறுத்துப் பொட்டலம் கட்டச் செய்து, முகாமில் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் தாயார்களும் உறவினருமே குவளையால் புகட்டும்படி ஏற்பாடு செய்தார். 100-க்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த முகாமில் அவர் பார்வையில் இருந்தவர்களுள் இறந்தவர் 100-க்கு 4 பேருக்கும் குறைவு. 2022-இல் காலமான அவருக்கு மறு ஆண்டில் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோதே அளித்திருக்கலாம்.

இதுகாறும் சொன்னது சிறுகுடலின் வேலை. பெருங்குடலைக் கழிவுப் பண்டங்களின் கிடங்கு என்றே பலரும் நினைக்கின்றனர். அது தவறென்பதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. சிறுகுடலில் சீரணமாகாத ஒருவகை மாப்பொருள் உண்டு. அது பெருங்குடலை அடைந்ததும் அங்கு வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. இவ்வமிலங்களைப் பெருங்குடல் ஈர்க்கும்போது உப்பையும் நீரையும் உடன் ஈர்க்கிறது. டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் வேலூரில் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலும், ஒரு பிரிவுக்கு அரிசி மாவு கலந்த கரைசலும், மற்றதற்கு லிட்டருக்கு 50 கிராம் வீதம் மேற்சொன்ன மாப்பொருள் சேர்த்த கரைசலும் அளித்தனர். மூன்றாம் பிரிவினருக்குப் பேதி விரைவாக நின்றது. வெளியேறிய நீரும் குறைந்தது. 2000-இல் வெளியான இவ்வாராய்ச்சி உலகின் கவனத்தைப் பெற்றது.

அவர்கள் எடுத்தது ஒரு தனிவகை மக்காச்சோளத்தின் மாவு. நம் வேடசந்தூர், ஒட்டன்சத்திரப் பக்கத்துக் காடுகளில் விளையும் சோளத்தைத் திரித்துக் கொடுத்தால் அதே பலன் கிட்டும் என்று எண்ணிவிடலாகாது. சோற்றை வடித்து ஆறவிட்டால் அதிலும் இத்தகைய மாப்பொருள் ஓரளவு உண்டாகிறது என்பது உண்மை. அதனால் பழைய சோற்றைப் பேதிக்கு மருந்தாக்குவதும் சரியன்று. வெளியில் இரவு முழுதும் கிடந்த நீர் குழந்தைக்குத் தீங்கும் செய்யலாம். பாவுக்குப் போட மட்டுமின்றி நோயாளிக்குப் புகட்டவும் உதவும் நம் அரிசிக் கஞ்சியை, புதிதாகக் காய்ச்சி உப்பிட்டுக் கொடுப்பதில் தடையில்லை.

"லங்கணம் பரம ஔஷதம்" என்று சொல்லிக் குழந்தையின் வயிற்றைக் காயப் போடும் வழக்கம் இன்னும் சில இல்லங்களில் நீடிக்கிறது. பெரியவர்களின் மந்தத்துக்கு அது பொருந்தலாம். பேதியால் கண்ணிகள் உதிர்ந்த குடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆகாரத்தை எதிர்நோக்கியிருக்கும் வேளையில், குழந்தைக்கு அது கேடு. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. குழைந்த சோறு, பருப்பு, மசித்த வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பல வேளைகளில் கொடுக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு, பெரும்பாலும் 1 லிட்டர், காய்ச்சி ஆறிய நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரைக் குவளை என்று பிரிக்கலாகாது. பொட்டலம் இல்லையேல் 1 லிட்டர் நீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் ½ தேக்கரண்டி உப்பும் போதும். இனித்தால் குழந்தை விரும்பும் என்று சர்க்கரையைக் கூட்டுவோருக்கு ஒரு சொல்: உரம் மிகுந்துவிட்டால் வேரிலிருந்தே நீரை இழுத்துப் பயிரைக் கருகச் செய்வதை விவசாயிகள் அறிவர். சர்க்கரை மிகுந்த பானமும் அவ்வாறே உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைப் பெருக்கும். இக்காரணத்தால்தான், இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு விற்கலாகாதென 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் அட்டைப் பெட்டிப் பானத்தை நீட்டினால், உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஆன பொட்டலம்தானா என்று கேட்டு வாங்குக.

2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பின்பும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரையும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு அதன் இரு மடங்கும் கரண்டியால் புகட்டலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மேலும் மெதுவாகத் தொடங்கலாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. இத்துடன் துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் கொடுப்பது நல்லது. சுகாதாரச் செவிலியர் அளவைச் சொல்லுவார். குழந்தைகளின் கடும் பேதிக்குப் பெருங்காரணமான ரோட்டா வைரசுக்கு எதிரான சொட்டு மருந்து, பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு நிலையங்களில் இலவசமாக ஊட்டப்படுகிறது. இந்நாட்டிலேயே உருவான அம்மருந்துகளுள் ஒன்றைச் சோதித்த இடங்களுள் வேலூரும் ஒன்று.

பேதி என்றவுடன் "ஒரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று வைத்தியரை வற்புறுத்துவோர் நம்மிடையே பலர். தறியை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கூலியையும் இழந்து, குடிக்கக் கூடிய பிள்ளைக்கு ஊசி வழியே நீர் ஏற்றுவதில் மிகுந்த பயன் இல்லை. எனினும் கண்கள் குழிந்து போதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, சோர்ந்து மயங்கிக் கிடத்தல், குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டு வைத்தியத்தில் காலம் கழிக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லலாம்.