குருதிக் காரீயச் சோதனை: அளவும் பொருளும்

முன்னுரை

தமிழில் 'ஈயம்' என்னும் சொல் இருவேறு உலோகங்களைச் சுட்டி வழங்குகிறது. பாத்திரங்களுக்குப் பூசப்படுவதும் ஈயச்சொம்பு செய்யப்படுவதும் வெள்ளீயம். பழைய வண்ணப்பூச்சுகளிலும் நீர்க்குழாய்களிலும் வண்டி பேட்டரிகளிலும் காணப்படுவது காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைச் சிதைப்பது பின்னதே. அது உடலில் புகுந்துள்ளதை அறிய முதன்மையாகப் பயன்படும் குருதிச் சோதனையின் முடிவை எவ்வாறு பொருள்கொள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சோதனை காட்டுவது

குருதியிலுள்ள காரீயத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு சிவப்பணுக்களில் தங்குவதால், முழுக் குருதியே சோதிக்கப்படுகிறது. ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என முடிவு தரப்படும். விரல் நுனியில் எடுக்கும் துளியில் தோலில் ஒட்டிய தூசி கலந்து அளவை உயர்த்திக் காட்டக்கூடும். ஆதலால் உயர்ந்த முடிவு சிரைக் குருதியைக் கொண்டு உறுதிசெய்யப்படுகிறது.

சோதனை காட்டாதது

குருதியிலுள்ள காரீயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைகிறது. எலும்பில் படிந்ததோ பல பத்தாண்டுகள் நிலைக்கிறது. எனவே இன்றைய குறைந்த அளவு, கடந்தகாலப் பாதிப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வரம்பு எண்ணும் அவ்வாறே கவனத்திற்குரியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991இல் 10 எனவும், 2012இல் 5 எனவும், 2021இல் 3.5 எனவும் அதனைக் குறைத்தது. இறுதி இரண்டும் நச்சுத்தன்மையின் தொடக்கப் புள்ளிகள் அல்ல. அந்நாட்டின் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுள் மிகுந்த அளவுடைய 2.5 விழுக்காட்டினரைப் பிரித்துக்காட்டும் புள்ளியியல் எல்லைகள். பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஃபிளின்ட் நகரச் சான்று

மிச்சிகன் மாநில ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்றுநீருக்கு மாறியது. அரிமானத் தடுப்புப் பொருள் சேர்க்கப்படாமையால் குழாய்களிலிருந்து காரீயம் நீரில் கரைந்தது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, நீர் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஆண்டின் அதே மாதங்களில் எடுக்கப்பட்ட சோதனை முடிவுகளை ஒப்பிட்டார். கோடையில் காரீய அளவு இயல்பாகவே உயர்வதால் இவ்வொப்பீட்டு முறை இன்றியமையாததாயிற்று. 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் பெற்ற, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் பங்கு 2.4இலிருந்து 4.9 விழுக்காடாக உயர்ந்திருந்தது. முதலில் மறுத்த மாநில அலுவலர்கள் பின்னர் ஏற்றனர். 2015 அக்டோபரில் நகரம் பழைய நீர்மூலத்திற்குத் திரும்பியது.

முடிவுரை

தனிக் குழந்தையின் சோதனை அண்மைக்காலத்து நிலையை மட்டுமே உணர்த்துகிறது. இடமும் காலமும் குறித்துத் தொகுக்கப்படும்போதே அது நஞ்சின் மூலத்தைச் சுட்டும் சான்றாகிறது. ஆயினும் குழந்தையின் உடலே எச்சரிக்கைக் கருவியாகும்போது தீங்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. நீரையும் மண்ணையும் வண்ணப்பூச்சையும் முதலில் சோதிப்பதே முறையான தடுப்பாகும்.