ஒரே அப்பம், பல பந்திகள்

ராபர்ட்சன்பேட்டையில் வேரூன்றிய நம் குடும்பங்கள் சிலவற்றில் அண்ணன் கத்தோலிக்கர், தம்பி லுத்தரன், தங்கை பெந்தெகொஸ்தே. 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள், திருமணத்திற்கும் அடக்கத்திற்கும் அங்கே கூடும்போது ஒரே பந்தியில் சோறுண்கிறார்கள். கர்த்தருடைய பந்தியில் மட்டும் பிரிந்து நிற்கிறார்கள்.

பிரிவு பழையது. அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்று 1215-ல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அறிவித்தது. 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லுத்தரும் ஸ்விங்லியும் சந்தித்தனர். சரீரம் மெய்யாகவே அப்பத்தோடு உண்டு என்ற லுத்தர், கர்த்தர் சொன்ன வார்த்தையைச் சுண்ணக்கட்டியால் மேசையின்மேல் எழுதியே வைத்துவிட்டார். ‘இருக்கிறது’ என்பதற்குக் ‘குறிக்கிறது’ என்பதே பொருள் என்றார் ஸ்விங்லி. பதினைந்து பிரிவுகளில் பதினான்கில் இசைந்தவர்கள், கடைசிப் பிரிவில் இந்த ஒரு காரியத்தில் பிரிந்தார்கள்.

நாம் பெரும்பாலும் ஸ்விங்லியின் பக்கம், நினைவுகூருதல் என்கிறோம். ஆனாலும் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்துக்கு நடுங்கி, நம்மை நாமே சோதித்தறிந்துதான் பாத்திரத்தைத் தொடுகிறோம். வெறும் அடையாளத்திற்கு இத்தனை பயம் ஏன்?

உறவினரின் பூசையில் நற்கருணை நமக்குக் கொடுக்கப்படாததை அவமதிப்பாக எண்ணவேண்டாம். முழுக்கு ஞானஸ்நானம் பெறாத அண்ணனுக்கு நம் சபைகள் பலவும் பாத்திரத்தை நீட்டுவதில்லையே.